நான்காம் படுக்கையின் ஜாடியில் கிடைத்த கல்

1. திங்கட்கிழமை காலை நான்காம் படுக்கைக்காரரின் எடை அறுபத்தெட்டு கிலோ.

2. செவ்வாய்க்கிழமை அறுபத்தெட்டு கிலோ அறுநூறு கிராம்.

3. புதன்கிழமை அறுபத்தொன்பது கிலோ நானூறு கிராம்.

4. இந்த நாட்களில் அவர் குடித்ததைவிட அவருக்குப் பிரிந்த சிறுநீரே அதிகம் என்று அட்டவணை சொன்னது. அட்டவணையை எழுதியது நான்.

5. ஐந்தாம் படுக்கைக்காரர் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தார். ஆனால் அவருக்குச் சிறுநீர் சரியாக வரவில்லை என்று சொன்னது அதே அட்டவணை.

6. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஐந்தாம் படுக்கைக்காரருக்குச் சிறுநீர்க் குழாய் போடச் சொல்லி டாக்டர் எழுதினார்.

7. பத்து ஐந்துக்கு ஐந்தாம் படுக்கை காலி.

8. பத்தரை மணிக்கு நான்காம் படுக்கைக்காரரின் சிறுநீர் ஜாடியில் ஒரு கல் கிடைத்தது. அவருக்குக் கல் நோய் கிடையாது.

நர்ஸ் வேலை என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நான் படித்த பள்ளியின் உயிரியல் ஆசிரியை கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் ஏழு பெண்கள் நர்சிங் படிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். "ஓய்வு பெற்ற நர்ஸ் நீதானே, நீயே எழுது" என்றார். எனக்கு வயது முப்பத்தொன்று. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஐம்பது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். போன மாதம் நின்றுவிட்டேன். காரணம் முதுகுத் தண்டின் ஒரு வட்டு. எண்பது கிலோ நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய வருடங்களில் அது நகரவில்லை. கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்த அன்று நகர்ந்தது. இனிமேல் ஆட்களைத் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்களைத் தூக்காமல் வார்டு வேலை கிடையாது.

அந்தப் பெண்கள் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருந்தார்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா? முதல் வருடம் வரும், அப்புறம் யார் துடைப்பது என்ற யோசனைதான் வரும். நர்சுக்கு மாப்பிள்ளை கிடைப்பாரா? கிடைப்பார், பெண் பார்க்க வரும்போது பெரியவர்கள் எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டி பிரஷர் பார்க்கச் சொல்வார்கள், மெஷினைத் தயாராக வைத்துக்கொள்ளவும். மூன்றாவது கேள்வி: இந்த வேலையில் எது கஷ்டம்? அதற்குத்தான் இந்த இரண்டு பக்கம். இரண்டுக்கு மேல் போகும் போலிருக்கிறது.

படித்த நான்கு வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். படுக்கை விரிப்பை மூலை மடித்துப் போடக் கற்றேன். ரப்பர் கைக்கு ஊசி போட்டேன், பிறகு தோழியின் கைக்குப் போட்டேன், அவள் என் கைக்குப் போட்டாள், ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளைச் சீருடை கிடைத்தது. வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோயாளிகள் எங்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருப்பது தெரிந்தது. ஊசி போடும் சிஸ்டர், எழுதும் சிஸ்டர். ஊசி போடும் சிஸ்டருக்கு மரியாதை அதிகம். மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், "இன்னா ஆஸ்பத்திரி அது, ஒரு ஊசி கூட போடல" என்று ஊரில் கேட்பார்களாம். நான் இரண்டு வேலையும் செய்தேன். இருந்தாலும் எல்லோருக்கும் நான் எழுதும் சிஸ்டர்தான். எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும். மருந்து அலமாரியில் என்ன எங்கே என்று ஒரு பட்டியல், எந்தப் படுக்கையின் கால் ஆடுகிறது என்று ஒரு பட்டியல், யார் வீட்டு உறவினர் ஊறுகாய் கொண்டுவந்து உப்பு ஆகாத நோயாளிக்குக் கொடுக்கிறார் என்று ஒரு பட்டியல்.

எங்கள் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பு ரெஜினா சிஸ்டர். ஐம்பத்தைந்து வயது, குட்டை உருவம், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். "வாடி" என்றால் எல்லாம் நலம், கையில் அவித்த வேர்க்கடலை இருக்கும். "வாம்மா" என்றால் ஏதோ மறந்திருக்கிறோம். "வாங்க" என்றால் தப்பு நடந்திருக்கிறது. "வாங்க மேடம், உக்காருங்க" என்று அவர் சொல்லி நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். அந்தப் பெண் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

எதைப் பற்றிச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "யார் பார்த்தது?" நோயாளி தூங்கினார் என்றால், யார் பார்த்தது? இட்லி இரண்டு சாப்பிட்டார் என்றால், யார் பார்த்தது? நாம் பார்த்தால் பார்த்தது என்று எழுத வேண்டும். உறவினர் சொன்னால் 'உறவினர் சொன்னது' என்று எழுத வேண்டும். மூன்றாவது வருடம் வரைக்கும் இதை நான் வயதானவர்களின் தொணதொணப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்றாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏகாம்பரம் நான்காம் படுக்கைக்கு வந்தார். அறுபது வயது. திருப்புலிவனம் பக்கத்தில் ஓர் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, எந்தக் கழனிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை பார்த்து விடுகிறவர். இதயம் சரியாகத் தள்ளாததால் உடம்பில் நீர் தேங்கி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே இருந்தார். மதகுத் திருகின் இரும்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே வந்திருந்தார். படுக்கையிலும் கழற்ற மறுத்தார்.

"அங்க வச்சிட்டு வந்தா ஆளாளுக்குத் தொறந்துக்குவாங்க சிஸ்டர்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது பார்த்தது ஐந்தாம் படுக்கையை. அங்கே கோதண்டம் இருந்தார், இரண்டு நாளாக, சிறுநீரகக் கல்லோடு. அதே ஏரி நீர் பாயும் கழனி அவருக்கு, வாய்க்கால் முடியும் கடைமடையில். தன் கழனிக்கு வரவேண்டிய தண்ணீரை ஏகாம்பரம் நடுவில் யாருக்கோ விட்டுவிடுகிறார் என்று இருபது வருடமாக அவருக்குச் சண்டை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள். ஒருவருக்கு நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. மற்றவருக்கு மூன்று லிட்டர் குடித்தே ஆக வேண்டும்.

"தண்ணிய அளந்து வுட்டவனுக்கு இப்ப தண்ணிய அளந்து குடுக்கறாங்க" என்று கோதண்டம் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

ஏகாம்பரத்துக்குப் பேச மூச்சு இல்லை. இருந்திருந்தால் பதில் வந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை டாக்டர் ஏகாம்பரத்துக்கு நீர் பிரிய வைக்கும் ஊசி எழுதினார். தினமும் எடை, குடிப்பதற்கும் பிரிவதற்கும் அட்டவணை. "நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு மில்லியாவது பிரியணும். புதன்கிழமை வரைக்கும் பார்ப்பேன், வரலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்" என்றார். ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஆனால் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் பங்கைச் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். ஜாடியை அளப்பதை அந்தந்த வீட்டுப் பெண்களிடம் விட்டுவிடுவோம். அவர்கள் எண்ணைச் சொல்வார்கள், நான் எழுதுவேன். 'உறவினர் சொன்னது' என்று எழுத மாட்டேன், கட்டம் சிறியது. போதாததற்கு, வேலையைச் சுலபமாக்குகிறேன் என்று வெள்ளைப் பலகை ஒன்றை வார்டு வாசலில் மாட்டி, படுக்கை எண்ணுக்கு எதிரே நேற்றைய அளவை எழுதி, ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியவர்களுக்குப் பச்சை மையில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

அந்தப் பலகையை நான் ஒரு தகவலாகத்தான் நினைத்தேன். வார்டு அதைப் பரீட்சை முடிவாக எடுத்துக்கொண்டது. காலையில் வீட்டுப் பெண்கள் முதலில் அங்கேதான் வந்து நிற்பார்கள். "எங்க வூட்டுக்காரருக்கு நூறுல போச்சு" என்று ஒருத்தி வருத்தப்படுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை கன்னியம்மா என்னிடம் வந்தார். "சிஸ்டர், நாலாம் நம்பருக்கு ஆயிரத்தி ஐநூறு. ஸ்டார் போட்டுடு."

"சூப்பர்ம்மா!" என்று சொல்லி நட்சத்திரம் போட்டேன்.

புதன்கிழமை ஆயிரத்து அறுநூறு. மறுபடியும் நட்சத்திரம். ஐந்தாம் படுக்கையின் அளவோ இரண்டாயிரத்து நானூறிலிருந்து தொள்ளாயிரத்துக்கு விழுந்திருந்தது. கோதண்டத்தின் மனைவி சரோஜா அதைச் சொல்லும்போது ஏனோ சிரித்தபடி இருந்தார்.

பத்து மணிக்கு டாக்டர் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏகாம்பரத்தின் மூச்சு நேற்றைவிட மோசம். எடை கூடியிருக்கிறது. "மெஷின் சரியா இருக்கா?" என்று கேட்டார். பிறகு கோதண்டத்திடம் திரும்பி, "மூணு லிட்டர் உள்ளே போகுது, வெளியே வரல. கல்லு இறங்கி வழியை அடைச்சிருக்கலாம். குழாய் போட்டுப் பார்த்துடுவோம்" என்றார்.

"குழாயா? எங்க?" என்று கேட்டார் கோதண்டம்.

நான் விளக்கினேன். என் விளக்கங்கள் எப்போதும் முழுமையாக இருக்கும். உபகரணங்களைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது படுக்கையில் போர்வை மட்டும் இருந்தது. நோயாளி லுங்கியோடு எதிர்ப்புற டீக்கடையில் உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார்.

"நான் போய் இட்டுக்கினு வர்றேன்" என்று சரோஜா ஓடினார்.

நான் எடை மெஷினுக்குப் போனேன். பட்டியல் போட்டுப் பழகியவளுக்கு எதையும் வரிசையாகத்தான் சந்தேகிக்க வரும். முதலில் மெஷின்: நான் ஏறினேன், என் எடை அப்படியே இருந்தது. காவலாளியை ஏற்றினேன், உரக்கடைத் தராசு சொன்னதையே இதுவும் சொல்கிறது என்றார். அடுத்து மதகுச் சாவி. அதை வாங்கி எடை போட்டேன்: ஒன்றே கால் கிலோ. ஒரு நிமிடம் எனக்கு சந்தோஷமாக இருந்தது. பிறகு, எல்லா நாளும் அவர் சாவியோடுதான் மெஷினில் ஏறினார் என்பது நினைவுக்கு வந்தது. சாவி கூடவில்லை. ஆள்தான் கூடியிருக்கிறார்.

"வாங்க" என்றார் ரெஜினா சிஸ்டர்.

போனேன்.

"ஆயிரத்து அறுநூறு. யார் பார்த்தது?"

"அவங்க வீட்டம்மா சொன்னாங்க சிஸ்டர்."

"சொன்னாங்கன்னு எங்கே எழுதியிருக்கீங்க?"

கட்டம் சிறியது என்பது அப்போது ஒரு காரணமாகத் தெரியவில்லை.

"காலையில சேர்ந்ததை இன்னும் கொட்டியிருக்க மாட்டாங்க. ஜாடியை எடுத்துட்டு வாங்க."

சிறுநீர் அளக்கும் முறையை நர்சிங் படிக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இதைத் தினமும் செய்வீர்கள். கையுறை போட வேண்டும். ஜாடியைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கூடாது. சாய்ந்தால் அளவு மாறும். சமமான இடத்தில் வைத்து, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, நாம் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். நிறம் பார்க்க வேண்டும், கலங்கல் பார்க்க வேண்டும். பிறகுதான் கொட்ட வேண்டும். நான் எல்லாம் செய்தேன். நானூற்று இருபது மில்லி. கொட்டும்போது கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

கழிப்பறைத் தொட்டியின் பீங்கானில், மிளகில் பாதி அளவு, பழுப்பு நிறத்தில் ஒரு கல்.

ரெஜினா சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நாலாம் நம்பருக்கு என்ன வியாதி?"

"இதயம், சிஸ்டர்."

"இதயத்துலேர்ந்து கல்லு வராதும்மா." 'ம்மா' வந்துவிட்டது. கோபம் இறங்கி ஆர்வம் ஏறியிருந்தது. "அஞ்சாம் நம்பர் எங்கே?"

ஐந்தாம் நம்பர் அப்போதுதான் மனைவியால் கையைப் பிடித்து இழுத்து வரப்பட்டுக்கொண்டிருந்தார். ரெஜினா சிஸ்டர் அவர்களையும் கன்னியம்மாவையும் நான்காம் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கல்லைப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தக் கல்லைப் பார்த்ததும் கன்னியம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"டாக்டரு சொன்னாரே சிஸ்டர், ஆயிரத்தி ஐநூறு வரலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்னு. எங்க சின்ன மாமனாரு அப்டிப் போனவருதான், திரும்பி வரவேயில்ல. இவரு போறது ஒரு கிளாஸு, ரெண்டு கிளாஸு. நான் இன்னா பண்ணுவேன்?"

அந்த மாமனார் ஐந்து நாள் வீட்டிலேயே கிடந்து, கடைசி மணி நேரத்தில்தான் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது பிறகு கேட்டபோது தெரிந்தது. ஆனால் பயம் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவதில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றார் சரோஜா, கூசாமல். "எங்க வூட்ல மூணு லிட்டர் குடிச்சிட்டு போய்க்கினே கீறாரு. கீழ கொட்றதுதானே சிஸ்டர்? பக்கத்து வூட்டுக்கு ஒற மோர் குடுக்கறதில்ல? அந்த மாதிரி ஒரு சொம்பு குடுத்தேன்."

"வடிகட்டிப் பார்க்கச் சொன்னேனே, கல் வருதான்னு?" என்று கேட்டேன்.

"வடிகட்டினேனே. இவங்களுக்குக் குடுத்தது போக மிச்சத்த."

அதாவது செவ்வாய்க்கிழமை மாலை கோதண்டம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக் கத்திய பிறகு இறங்கத் தொடங்கிய கல், காலையில் சுகமாக வெளியேறி, பக்கத்துப் படுக்கையின் கணக்கில் வரவாகியிருந்தது. கல் போன நோயாளிக்கு நான் குழாயோடு நின்றிருந்தேன்.

கோதண்டத்துக்கு விஷயம் மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் வார்டு அதிர்ந்தது.

"இருவது வருஷமா என் கழனிக்கு ஒழுங்கா தண்ணி வுடாதவன்டி அவன்! அவனுக்குப் போயி என் தண்ணிய வுட்டியா?"

ஏகாம்பரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பதில் சொன்னார். "உன் தண்ணி... எனக்கு எதுக்குயா... அதுல கல்லு கீது."

முழு வார்டும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டோம். நடந்ததை நான் சொன்னேன். அவர் கன்னியம்மாவைத் திட்டவில்லை. நேராக ஏகாம்பரத்திடம் கேட்டார். "பெரியவரே, உண்மையில ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"மூணு தபா. தபாவுக்கு ஒரு டீ கிளாஸு."

"இதை ஏன் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? அந்தப் பொண்ணு எயுதிக்கினு போவுது, நீங்க படிச்சிக்கினு போறீங்க. என்னை ஒருத்தரும் கேக்கல."

அந்தப் பொண்ணு நான்தான்.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர்தான் கொடுத்தேன் என்று கன்னியம்மா சத்தியம் செய்தார். கொடுத்தது ஒரு லிட்டர் தண்ணீர்தான். அதுபோக கஞ்சி, மோர், ரசம். "கஞ்சி சோறாச்சே சிஸ்டர், அத்தப் போயி தண்ணின்னா எப்டி?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீர் என்றால் எவையெல்லாம் என்று நான் சொல்லித் தரவில்லை. என் பட்டியல்களில் அது மட்டும் இல்லை.

டாக்டர் ஊசியின் அளவை இரண்டு மடங்காக்கினார். ஆக்சிஜன் போட்டோம். "நேத்தே செஞ்சிருக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னார். அதை என்னிடம் சொல்லவில்லை, கடிகாரத்திடம் சொன்னார். "பன்னிரண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும். ஐந்நூறு மில்லி வந்தா இங்கேயே வச்சுப் பார்க்கலாம். வரலன்னா ஆம்புலன்ஸ். இந்தத் தடவை நீங்களே அளக்கணும்."

ஊசியை ஒரேயடியாகத் தள்ளக் கூடாது, மெதுவாகப் போட வேண்டும். போட்டேன். அன்று மாலைவரை எனக்கு வேறு படுக்கை கிடையாது என்று ரெஜினா சிஸ்டர் சொல்லிவிட்டு, என் பதினோரு படுக்கைகளையும் தானே எடுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு அறுபது மில்லி. இரண்டு மணிக்கு நூற்றுப் பத்து. வார்டில் யாரும் மதியத் தூக்கம் தூங்கவில்லை. நான் ஜாடியோடு கழிப்பறைப் பக்கம் போகும்போதெல்லாம் இருபது கழுத்துகள் திரும்பின. மூன்று மணிக்கு நூற்று முப்பது.

கோதண்டம் எழுந்து உட்கார்ந்து, மின்விசிறியை விட்டுவிட்டு முதல்முறையாகப் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார்.

"இன்னாய்யா, மதகு தொறந்துச்சா?"

"தொறந்துகினு கீது" என்றார் ஏகாம்பரம். "கடைமடக்காரன் கத்தாம இரு."

நான்கு மணிக்குத் தொண்ணூறு. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜாடி வந்தது. ஜன்னல் விளிம்பில் வைத்து, காத்திருந்து, குனிந்து பார்த்தேன். தொண்ணூறு. மொத்தம் நானூற்று எண்பது.

மறுபடியும் குனிந்தேன். வலது கண்ணால் பார்த்தேன், இடது கண்ணால் பார்த்தேன். தொண்ணூறுதான்.

கன்னியம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருக்கு எண் படிக்கத் தெரியும். "இருவதுதானே சிஸ்டர்" என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு வாய்க்குக் கூட ஆவாது. எயுதிடேன். உன் புள்ளகுட்டி நல்லா இருக்கும்."

எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனால் என் பேனா உண்மையிலேயே நின்றுவிட்டது. இருபது மில்லி என்பது நான்கு தேக்கரண்டி. ஜாடி கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், ஜாடியின் கோடே தப்பாக இருக்கலாம், ஏகாம்பரம் ஐந்து நிமிடம் கழித்துப் போயிருந்தால் ஐந்நூறு வந்திருக்கலாம். இப்படி ஏழு காரணம் என் மனம் வரிசையாகக் கொடுத்தது. முதல்முறையாக என் பட்டியல் ஒன்று எனக்கே பிடிக்கவில்லை.

"இருவதுதானா கொற?" என்று ஐந்தாம் படுக்கையிலிருந்து குரல் வந்தது. கோதண்டம் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "நான் தர்றேன். இப்பவே தர்றேன். அதான் கல்லு போயிடுச்சே."

"வாங்க, படுங்க" என்றார் ரெஜினா சிஸ்டர். அந்த 'வாங்க' என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் படுத்துவிட்டார்.

நான் 480 என்று எழுதினேன். பக்கத்தில், 'நான் அளந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து, துணிமணிகளைப் பையில் எடுத்துவைக்கத் தொடங்கினார்.

டாக்டர் ஐந்து மணிக்கு வந்தார். அட்டவணையைப் பார்த்தார். விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே போனார்: அறுபது, நூற்றுப் பத்து, நூற்று முப்பது, தொண்ணூறு, தொண்ணூறு.

"நேத்து ஆயிரத்து ஐந்நூறு, இன்னைக்கு காலையில ஆயிரத்து அறுநூறு" என்றார். "அவ்வளவு முழுசா இருந்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நானூற்று எண்பது... இதை நம்பலாம்." நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, முன்னும் பின்னும் நிதானமாகக் கேட்டார். மூச்சை எண்ணினார். காலையில் நிமிடத்துக்கு முப்பத்தாறு, இப்போது இருபத்தாறு. அதையும் நான் எண்ணி எழுதியிருந்தேன். அவர் மறுபடி எண்ணினார்.

"ஐந்நூறுன்னு நான் போட்டது ஒரு கோடு. ஆளைப் பார்த்தா கோட்டுக்குப் பக்கத்துல வந்துட்டார். இங்கேயே இருக்கட்டும்."

கன்னியம்மாவுக்கு அது உடனே புரியவில்லை. சரோஜாதான் பையைப் பிடுங்கி, துணிகளை மறுபடி வெளியே எடுத்துப் போட்டார்.

டாக்டர் வார்டை விட்டு வெளியேறுவதற்குள் ஏகாம்பரம் கை காட்டினார். "சிஸ்டர், அந்த ஜாடியக் குடு."

எல்லோரும் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நூற்று நாற்பது. அது ஐந்து மணிக்குப் பிறகு வந்தது, அடுத்த கட்டத்தில் எழுதினேன்.

அன்று வீட்டுக்குப் போகும் முன் நடந்த தப்புகளை ஒரு தாளில் எழுதி ரெஜினா சிஸ்டரிடம் கொடுத்தேன். ஆறு வரிகள். கன்னியம்மாவின் பெயர் ஐந்தாவது வரியில் வந்தது, சரோஜாவின் பெயர் ஆறாவதில். முதல் நான்கும் நான். அவர் படித்துவிட்டு, பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்தார். "வாடி" என்றார்.

பிறகு ஐந்து வருடம் வார்டில் இருந்தேன். பாம்புக்கடி வந்தது, பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர நேரமில்லாமல் ஆண்கள் வார்டு வாசலிலேயே ஒரு குழந்தை பிறந்தது, கொரோனா வந்தது. அவற்றையெல்லாம் வேறு யாராவது எழுதுவார்கள். எது கஷ்டம் என்று கேட்ட பெண்ணுக்கு என் பதில், அந்த நான்கு தேக்கரண்டிதான். ஊசி போடப் பத்து நாளில் கை பழகிவிடும். கெஞ்சிக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்கும்போது தொண்ணூறைத் தொண்ணூறு என்று எழுத எனக்கு மூன்று வருடம் ஆனது.

இப்போது நிலைமை இது. ஏகாம்பரம் எட்டாம் நாள் அறுபத்தொரு கிலோவோடு வீட்டுக்குப் போனார். மாதம் ஒருமுறை சோதனைக்கு வருகிறார், மதகை அவர்தான் பார்க்கிறார். கஞ்சியைக் கன்னியம்மா டம்ளரில் அளந்து கொடுக்கிறார். கோதண்டத்தின் கழனிக்குப் போன போகத்தில் தண்ணீர் போதவில்லை, சண்டை நடக்கிறது. கல் அவருடைய வீட்டில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. வெள்ளைப் பலகையில் இப்போது யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று எழுதுகிறார்கள். ரெஜினா சிஸ்டருக்கு இன்னும் நான்கு மாதம் வேலை இருக்கிறது. எனக்கு வார்டு இல்லை. வருகிற திங்கட்கிழமை காஞ்சிபுரம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பயிற்றுநராகச் சேர்கிறேன். ஒரு லிட்டர் அளவு ஜாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் வகுப்பில் அதை மேசைமேல் வைத்து, நாற்பது பெண்களையும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நான் குனியக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார்.